கேட் புஷ் என்னைக் கடலில் தள்ளிவிட்டார்!

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள், பரவாயில்லை, நீங்களாவது கேளுங்கள்: கேட் புஷ், 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்', 1985. வரிகள் அவர், மெட்டு அவர், தயாரிப்பும் அவரே! முந்தைய ஆல்பமான 'தி ட்ரீமிங்' பலருக்குப் பிடிபடாமல் போனதும் மனுஷி என்ன செய்தார் தெரியுமா? பெற்றோரின் பண்ணைக் கொட்டகையில் சொந்த ஸ்டுடியோ அமைத்துக்கொண்டார். வாடகைக் கணக்கு பார்க்க வேண்டாம், அவசரப்படுத்த ஆளில்லை; ஃபேர்லைட் சிந்தசைசரோடு உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்.

'ரன்னிங் அப் தட் ஹில்' டிரம்ஸ் குதிரைப் பாய்ச்சலில் கிளம்பியதுமே என் கால் தானாக ஆடும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார், நான் நிறுத்தமாட்டேன். 'தி பிக் ஸ்கை' கொஞ்சம் இரைச்சல்தான். இருக்கட்டுமே!

ஆனால் அந்த இரண்டாம் பக்கம் இருக்கிறதே! 'தி நைன்த் வேவ்', ஏழு பாட்டு, ஒரே கதை. விளக்கை அணையுங்கள், ஹெட்போனை மாட்டுங்கள், இப்போது நினைத்துப் பாருங்கள்: நடுராத்திரி, நடுக்கடல், லைஃப் ஜாக்கெட்டோடு ஒருத்தி தன்னந்தனியாக மிதக்கிறாள், கண் சொருகுகிறது, தூங்கினால் போச்சு, கனவில் பனிக்கட்டிக்கு அடியில் யாரோ நகர்கிறார்கள், குனிந்து பார்த்தால் அது அவளேதான், எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது, அதற்குள் எழுந்திரு எழுந்திரு என்று குரல்கள், சூனியக்காரி விசாரணை, தலைக்கு மேலே ஹெலிகாப்டர், பிறகு ஐரிஷ் பிடிலும் பைப்பும் வெறிபிடித்துச் சுழல அவளுடைய எதிர்காலமே வந்து நின்று 'என்னை வாழ விடு' என்று மன்றாடுகிறது, 'ஹலோ எர்த்' நடுவில் ஜார்ஜிய நாட்டுப் பாடலொன்றை ஆண் குரல்கள் கூட்டமாக எடுக்கின்றன, நான் தேம்பித் தேம்பி அழுதேன், சொல்ல வெட்கமே இல்லை, கடைசியில் விடிகிறது, அவள் பிழைத்துவிட்டாள், நான் கட்டில்மேல் ஏறிக் கைதட்டினேன்!

பிரிட்டிஷ் விமர்சகர்கள் அப்போதே கொண்டாடினார்கள். மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' ஆல்பத்தை இறக்கிவிட்டு இது முதலிடத்தில் ஏறியது. அமெரிக்காவில் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் 37 வருஷம் கழித்து, 2022இல், 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒலித்தது. 1985இல் 30ஆம் இடத்தோடு நின்ற அதே அமெரிக்காவில் 3ஆம் இடம், பிரிட்டனில் முதலிடம்! நானே ஜெயித்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்றைக்கே கேளுங்கள். ஒன்று மட்டும், ஷஃபிளில் போட்டுவிடாதீர்கள். பாவம், கரையேறிய பிறகு அந்தப் பெண் மறுபடி கடலில் கிடப்பாள்!