இறங்கிய விமானங்களின் தேசப்படம்

1950களின் நடுவில், சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில், பறக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள், யந்திர உறுப்புகளை மாணவர்க்கு விளக்கிக் காட்டும் பொருட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. சக மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்பும், ராமேசுவரத்திலிருந்து படிக்க வந்த ஓர் இளைஞர் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பது வழக்கம். விமானப் பொறியியலைத் தாம் தேர்ந்துகொண்டதற்கு அந்த இரண்டு விமானங்களின்பால் உண்டான ஈர்ப்பும் ஒரு காரணம் என்பதை அப்துல் கலாம் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் நன்றியுடன் பதிந்து வைத்தார். பறப்பதை நிறுத்திவிட்ட விமானத்திற்குப் பூமியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, குரோம்பேட்டையின் அந்த மாலை நேரங்களை விடச் சிறந்த விடை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தகைய விமானங்கள் எங்கெங்கே நிற்கின்றன, போர்வீரர்களின் ஞாபகார்த்தமாக எழுப்பிய ஸ்தூபிகளும் கல்லறைத் தோட்டங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடித் தேசப்படத்தில் குறித்துவைக்கும் சிலர் உலகெங்கும் உண்டு. இதை வெறும் ஜாபிதா எழுதும் வேலை என்று எண்ணுவது பிழை. இது ஒரு கலை, அதற்கென்று ஒரு லட்சணமும் உண்டு. என் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் அருங்காட்சியகங்களைச் சிவப்பு மையாலும், வீதியோரப் பீடங்களை நீல மையாலும், நினைவுச் சின்னங்களைக் கறுப்பு மையாலும் பல ஆண்டுகளாகக் குறித்து வந்ததில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று: விமானம் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி பாதி வேலைதான், அது எந்த வானத்தில் தன் கடமையைச் செய்ததோ அந்த இடத்திற்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே ஓடும் கோட்டையும் சேர்த்துக் காட்டும்போதே படம் பேசத் தொடங்குகிறது.

முதலில் பார்க்கும் முறையைச் சொல்லவேண்டும். டில்லியின் பாலம் விமானப்படைத் தளத்தில் 1967ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில், படையின் தொடக்க நாட்களின் வாபிட்டி முதலாக ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், டெம்பெஸ்ட் என்று பழைய விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. அவசரமாகச் சுற்றிவருபவர் கண்ணுக்கு அவை வர்ணம் பூசிய உலோகக் கூடுகள். ரசிகரோ ஒன்றன் முன்னால் நின்று, இறக்கையின் நுனியிலிருந்து உடலோடு அது சேரும் இடம்வரை கண்ணால் தடவிப் பார்த்து, ரிவெட்டுகளின் வரிசையையும், வாலில் எழுதிய எண்ணையும், விமானி ஏறும்போது கால் வைத்த இடத்தில் தேய்ந்த வர்ணத்தையும் கவனித்த பின்பே அடுத்ததற்குச் செல்வார். நாட் என்னும் சிறு போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுமார் 22 அடிதான்; நம் ஊர்த் திண்ணை வைத்த வீட்டின் முகப்பு அகலம் அவ்வளவு இருக்கும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரின்மேல் நிர்மல் ஜித் சிங் செகோன் எதிரியின் சேபர் விமானங்களைத் தன்னந்தனியாக எதிர்த்து வீழ்ந்ததும், விமானப்படையில் பரம் வீர் சக்ரம் பெற்ற ஒரே வீரர் என்ற பெருமையை எய்தியதும், இவ்வளவு சிறிய கூட்டினுள் அமர்ந்துதான் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. அதன் பக்கத்தில் நின்று தன் தோளின் உயரத்தோடு அதை ஒப்பிட்டு உணர்வது வேறு.

இனிக் கோட்டின் விஷயத்திற்கு வருவோம். சில விமானங்களுக்கு அந்தக் கோடு மிகக் குறுகியது. ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேரை அடுத்து 2015இல் திறக்கப்பெற்ற போர் அருங்காட்சியகத்தில் ஒரு ஹண்டர் விமானம் நிற்கிறது. 1971 டிசம்பர் மாதத்தில் லோங்கேவாலாவை நோக்கி மணலில் ஊர்ந்து வந்த பாகிஸ்தான் டாங்கிகளை, பொழுது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து எழுந்து சென்று தாக்கியவை ஹண்டர்களே. பறந்த இடமும் நிற்கும் இடமும் ஒரே பாலைவனம், ஒரே வெயில், ஒரே புழுதிக் காற்று. அந்த விமானத்தை விளக்க நீண்ட பலகை வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் மணலே அதற்கு உரை எழுதிவிடுகிறது.

வேறு சில விமானங்கள் தம் கடைசிப் பயணத்தாலேயே கோட்டை வரைந்துவிட்டுப் போயிருக்கின்றன. கடல் கண்காணிப்புக்கென்று 1988இல் கடற்படையில் சேர்ந்த டூபோலெவ்-142 விமானங்கள், 1992 முதல் நம் அரக்கோணத்தின் ராஜாளி தளத்தில் குடியிருந்தன. நான்கு யந்திரங்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறிகள், 50 மீட்டர் அகன்ற இறக்கைகள் என்று, அரக்கோணத்து வானத்தை அவை நிறைத்துச் சென்ற காட்சியை அவ்வூர் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2017 மார்ச் 29 அன்று அவற்றுக்கு விடை கொடுத்தபின், ஒன்று விசாகப்பட்டினத்திற்குப் பறந்து சென்று, அங்கே பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, சாலை வழியே கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, மறுபடியும் பூட்டி நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் தேதி குடியரசுத் தலைவரால் அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது. வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டுவதற்குத் தொல்காப்பியம் வகுத்த படிகள் இங்கே என் நினைவுக்கு வருகின்றன: தகுந்த கல்லைக் கண்டு தேர்தல், அதை எடுத்துவருதல், நீராட்டுதல், நடுதல், பின்னர் வாழ்த்துதல். கல்லுக்குச் செய்த அதே சிரத்தையை இந்த யந்திரத்திற்கும் செய்திருக்கிறார்கள். எந்தக் கடலைப் பல ஆண்டுகள் காத்ததோ அந்த வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டே, எதிரே கரையேறி நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைத் துணையாகக் கொண்டு, அது இளைப்பாறுகிறது.

நீளமான கோடுகளில் எனக்கு மிகவும் பிரியமானது லிபரேட்டர் விமானங்களுடையது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களைச் செய்து குவித்தது; யுத்தம் முடிந்ததும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை உருக்கப்பட்டு மறைந்தன. பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் விட்டுச்சென்றவை, மீண்டும் பறக்காதபடி சிதைக்கப்பட்டு வெட்டவெளியில் கிடந்தன. சுதந்திரம் பெற்ற கையோடு, பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைப் பணியாளர்கள் அங்கே சென்று, ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற்குப் பொருத்தி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவர, ஜம்ஷெட் முன்ஷி என்னும் தீரமிக்க விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே முழுமையாகச் செப்பனிடப்பெற்ற சுமார் 40 லிபரேட்டர்கள் நம் விமானப்படையில் 1968 வரை பணிபுரிந்தன. அதன் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. இன்று அமெரிக்காவின் டூசான் நகரத்துப் பீமா அருங்காட்சியகத்திலும், கனடாவின் ஒட்டாவாவிலும், இங்கிலாந்தின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்திலும் கம்பீரமாக நிற்கும் லிபரேட்டர்கள் இந்தியா காப்பாற்றிக் கொடுத்தவை. டில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்பது அவற்றின் சகோதரம். கான்பூரிலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து மூன்று கண்டங்கள் என்று இந்தக் கோடுகளைப் படத்தில் வரைந்து பார்க்கும்போது, தேய்ந்த கைகளும் எண்ணெய்க் கறை படிந்த உடைகளுமாக நின்ற அந்தத் தொழிலாளர்களின் முகம் தெரியாத திறமைக்கு இதைவிட அழகிய கீர்த்தி ஸ்தம்பம் இல்லை என்றே நினைக்கிறேன்.

கோடு சில சமயம் எல்லை தாண்டியும் செல்லும். ஜெர்மானிய மேதை கூர்ட் டாங்க் பெங்களூரில் உருவாக்கி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்த மாருத் விமானங்களில் ஒன்று, அவருடைய தாய்நாட்டில் மியூனிக் நகரையடுத்த ஷ்லைஸ்ஹைம் விமானக்கூடத்தில் இருக்கிறது. சிருஷ்டி, சிருஷ்டித்தவரின் ஊர் தேடிப் போனாற்போல. 1965 செப்டம்பர் யுத்தத்தில் பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கிச் சிறைப்பட்ட நம் நாட் ஒன்று கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதையும் படத்தில் குறிப்பதே நேர்மை. பெருமையை மட்டும் குறிக்கும் தேசப்படம் பாதிச் சரித்திரத்தையே சொல்லும்.

ஆகையால் படம் வரைபவரிடம் நான் எதிர்பார்க்கும் குணங்கள் எளியவை, ஆனால் அரியவை. வாலில் எழுதிய எண்ணை அப்படியே நம்பிவிடாமல், யந்திரத் தகட்டில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். புதிய வர்ணத்தோடு பிறிதொரு விமானத்தின் எண்ணைச் சூட்டிவிடுவதும், இரண்டின் பாகங்களை ஒன்றாகப் பூட்டிவிடுவதும் எங்கும் நடப்பவை. விமானங்கள் இடம் மாறுவதால், பார்த்த தேதியைப் பக்கத்தில் எழுதும் ஒழுக்கம் வேண்டும். உப்புக் காற்றில் அரித்துப்போகும் தகட்டையும், உடைந்த கண்ணாடி வழியே பறவை கூடு கட்டிய விமானி அறையையும் கண்டால், அதையும் உள்ளபடி எழுதும் துணிவு வேண்டும். அந்த ஒரு வரியைப் படித்து யாரேனும் ஒருவர் வர்ணக் குடுவையோடு அங்கே போகக்கூடும்.

இத்தனையும் நிற்கும் இடம் உடையவற்றுக்கு. இடமே இல்லாதவர்களை எங்கே குறிப்பது? சிங்கப்பூர்க் கிராஞ்சியில் உள்ள நினைவு மண்டபத்தின் சுவர்களில், கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வரிசைத் தூண்கள் அணிவகுக்கும் தரைப்படையையும், அவற்றின்மேல் கவிந்த கூரை விமானத்தின் இறக்கையையும், உச்சி நீர்மூழ்கிக் கப்பலின் கோபுரத்தையும் நினைவூட்டும்படி அமைத்த அந்தக் கட்டடத்தில், இறக்கையின் நிழலிலேயே பெயர்கள் இருக்கின்றன. கடலிலும் காட்டிலும் வானத்திலும் மறைந்தவர்களுக்கு அந்தச் சுவரே விலாசம்.

சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைக்கப்பெற்ற போர்க் கல்லறைத் தோட்டத்திற்கு நான் அடிக்கடி செல்வதுண்டு. இரண்டாம் யுத்தத்தில் மாண்டவர்களின் வெண்கற்கள் புல்தரையில் வரிசை பிறழாமல் நிற்க, அங்கேயே முதல் யுத்தத்தின் நினைவுச் சின்னம் ஒன்றும் இருக்கிறது. இந்தியாவின் பல ஊர்களில், பாளையங்களின் பழைய கல்லறைகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அதில் ஒன்றுசேர்த்திருக்கிறார்கள். என் சுவரில் தொங்கும் படத்தில் நந்தம்பாக்கத்திற்கு ஒரு கறுப்புப் புள்ளிதான். அதிலிருந்து கோடுகள் வரைய ஒருநாள் பேனாவை எடுத்து, எத்தனை ஊர்களுக்கு வரைவது என்று திகைத்துக் கீழே வைத்துவிட்டேன். அந்த வேலையை எனக்கு முன்பே ஒரு சிற்பியின் உளி செய்து முடித்திருக்கிறது. ஒவ்வொரு பெயரும் எங்கோ ஓர் ஊர் மண்ணுக்குப் போகும் கோடு, அந்தக் கல்லே ஒரு தேசப்படம். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானத்தின் ஓசை தொலைவில் கேட்டு அடங்கும்வரை அதன்முன் நின்று, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத் திரும்புகிறேன்.