கோமாளி வேடமும் ஊர்ப் பெரியோரும்

கொலைத் திகிற் படங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளல் தகுமோ என ஐயுறுவார் உளர். குருதியும் கூக்குரலும் மலிந்த இப்படங்கள் இளைஞரின் பொழுதுபோக்குக்கென ஆக்கப்படும் மலிவுச் சரக்குகளே என்பது அவர் கருத்து. ஆயின், ஒரு சமுதாயம் எதனை அஞ்சுகின்றது என அறிய விரும்புவோர்க்கு, அதன் உயர்ந்த கலைகளைக் காட்டிலும் இத்தகைய ஆக்கங்களே சிலவேளை தெளிவாகச் சான்று பகர்கின்றன. 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிளவுண் இன் எ கோர்ன்பீல்ட்' (சோளவயலிற் கோமாளி) அத்தகையதோர் அமெரிக்கப் படமாகும். அடம் செசாரே 2020 இல் வெளியிட்ட நாவலைத் தழுவி எலி கிறெய்க் இதனை நெறிப்படுத்தியுள்ளார்.

இப்படத்தின் சிறப்பினை உணர்வதற்கு அது தோன்றிய மரபினை முதலில் நோக்குதல் வேண்டும். 1978 இல் ஜோன் காப்பென்டர் நெறிப்படுத்திய 'ஹலோவீன்' இம்மரபின் பிரதான படங்களுள் ஒன்று. அதன் தொடக்கத்தில், கோமாளி உடை தரித்த ஆறு வயதுச் சிறுவனொருவன் தன் மூத்த சகோதரியைக் கத்தியாற் குத்திக் கொல்கின்றான். அவள் தன் காதலனுடன் தனித்திருந்த சிறுபொழுதின் பின்னரே இக்கொலை நிகழ்கின்றது. 1980 இல் வந்த 'பிறைடே த தேர்ட்டீன்த்' படத்திலும் காதலில் ஈடுபடும் இளைஞர் ஒவ்வொருவராக மாண்டொழிகின்றனர். குடித்தவரும் களித்தவரும் இறப்பர், அடக்கமுள்ள பெண்ணொருத்தி எஞ்சுவாள் என்பது இம்மரபின் எழுதாச் சட்டமாயிற்று. இச்சட்டத்தை இயற்றியவர் யார் என்ற வினாவை அப்படங்கள் எழுப்பவில்லை. ஒன்றிற் கொலையாளி காரணங்கடந்த தீமையின் வடிவம், மற்றதில் மகனை இழந்த தாயின் தனிப்பட்ட வெறி என்ற அளவில் அவை அமைந்துவிட்டன.

கிறெய்க்கின் படம் இவ்வினாவுக்கே விடை கூறுகின்றது. தாயை இழந்த குவின் என்னும் பெண், மருத்துவரான தந்தையுடன் பிலடெல்பியா நகரை நீங்கி, மிசூரி மாநிலத்துக் கெற்றில் ஸ்பிறிங்ஸ் என்ற கற்பனைச் சிற்றூருக்கு வந்து சேர்கின்றாள். அவ்வூரின் வாழ்வு ஒரு காலத்திற் பேபென் என்னும் சோளப்பாகுத் தொழிற்சாலையைச் சார்ந்திருந்தது. அது தீக்கிரையாகிவிட்டது. அப்பழியினை ஊரார் தம் பிள்ளைகள்மீதே சுமத்துகின்றனர். பிள்ளைகளோ, தொழிற்சாலையின் விளம்பரச் சின்னமாகிய பிரெண்டோ என்ற கோமாளியைக் கொலையாளியாகச் சித்திரித்து, விளையாட்டுப் படங்களை எடுத்துப் பரப்புகின்றனர். பின்னர் மெய்யாகவே பிரெண்டோ தோன்றிக் கொலை செய்கின்றான். முகமூடி கழலும்போது வெளிப்படுவது ஒரு முகமன்று, பல முகங்கள். நகர முதல்வரும் பொலிஸ் தலைவரும் உள்ளிட்ட ஊர்ப் பெரியோரே அவர்கள். படத்தின் தொடக்கத்திற் காட்டப்படும் 1991 ஆம் ஆண்டுக் கொலைகள், இஃது அவ்வூருக்குப் புதிய வழக்கமன்று என்பதை உணர்த்துகின்றன.

கோமாளி இங்கு வெறும் அச்சுறுத்தும் உருவமல்லன், இறந்துபோன தொழிலொன்றின் வணிகக்குறி. ஊரின் செழிப்பினைக் குறித்து நின்ற சிரிப்பு, செழிப்பு மறைந்த பின்னரும் முகமூடியாக எஞ்சியிருக்கின்றது. இழந்ததை மீட்க இயலாத தலைமுறை, இழப்புக்குக் காரணம் அடுத்த தலைமுறையே எனக் கொண்டு அம்முகமூடியை அணிகின்றது. பழம்பெருமை பேசுதல் எப்பொழுதும் தீங்கற்றதன்று என்பதை இவ்வொரு படிமத்தால் நெறியாளர் உணர்த்திவிடுகின்றார். திரைப்படங்களிற் குருதியாகக் காட்டப்படுவது பெரும்பாலும் நிறமூட்டிய சோளப்பாகே என்பதை அறிந்தோர்க்கு, இவ்வூரின் தொழிலும் இவ்வூரின் கொலையும் ஒரே பொருளாற் பிணைந்துள்ளமை புலப்படும்.

அச்சத்திற்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுவர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முன்னைய திகிற் படங்கள் பெரும்பாலும் முதன்மூன்றின் எல்லைக்குள்ளேயே நின்றன. பேயும், விலங்கனைய மனிதனும், இருளிற் புகும் அந்நியனுமே அங்கு அச்சந் தந்தனர். இப்படத்தின் அச்சமோ நான்காவதன்பாற்படும். இறை என்பதனுள் அரசனோடு தந்தையையும் ஆசிரியரையும் அடக்குவது உரைமரபு. கொலைக்குழுவின் தலைவனான ஆதர் ஹில், ஊரின் முதல்வன். இளைஞருள் ஒருவனான கோலின் தந்தையும் அவனே. காக்கக் கடமைப்பட்டவரே கொல்லும்போது, ஓடி ஒளிய இடமுண்டோ? பொலிசாரை அழைத்தலும் பயனற்றுப் போகின்றது. கதவைத் தாழிட்டுத் தப்புவதற்கு அந்நியன் எவனும் வெளியே இல்லை என்பதே இப்படத்தின் உண்மையான பயங்கரம்.

அச்சத்துடன் நகையும் விரவி வருகின்றது. உயிருக்கு அஞ்சி ஓடும் பெண்கள் சுழற்று வட்டுடைய பழைய தொலைபேசியொன்றைக் காண்கின்றனர். ஆனால், அதனை இயக்கும் முறை அறியாது திகைக்கின்றனர். பேதைமை பற்றிப் பிறக்கும் இந்நகை, இரு தலைமுறைகளுக்கிடையிலான தொலைவை நெடிய உரையாடலினும் நன்கு புலப்படுத்துகின்றது.

எனினும் குறைகளும் உள. தொழிற்சாலை ஏன் நலிந்தது, அதன் இலாபம் யாரைச் சேர்ந்தது, வேலையிழந்தோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பனவற்றைப் படம் ஆழ்ந்து நோக்கவில்லை. தொழிற்சாலைக்கு உரிமையுடைய குடும்பமும் அதில் உழைத்தவரும் ஒரே வேடத்துள் மறைந்துவிடுகின்றனர். வர்க்க முரண்பாடு தலைமுறை முரண்பாடாகச் சுருங்கிவிடுகின்றது. கொலையின் நோக்கம் இறுதியில் நிகழ்ச்சிகளால் உணர்த்தப்படாது சொற்பொழிவாக உரைக்கப்படுதலும் கலைநயத்தைக் குன்றச் செய்கின்றது. பெரியோர் பலர் பாத்திரங்களாக வளராது கேலிச்சித்திரங்களாகவே நின்றுவிடுகின்றனர். சாதாரண மனிதர் எவ்வாறு இத்தகைய முடிவுக்கு வந்தனர் என அறியாது நாம் வெளியேறுகின்றோம்.

இக்குறைகளுக்கிடையேயும் படம் ஒரு துணிவான மாற்றத்தைச் செய்துள்ளது. கோலும் ரஸ்ட் என்ற இளைஞனும் ஊரறியாது ஒருவரையொருவர் காதலிப்பவர்கள். பழைய சட்டத்தின்படி காதலர் மாள வேண்டும். இங்கோ அவ்விருவரும் உயிர் பிழைக்கின்றனர். குவினின் தந்தையும் இளைஞர் பக்கம் நின்று உய்கின்றார். எனவே முதுமை குற்றமன்று. தன் காலம் நின்றுவிட வேண்டுமென்ற பிடிவாதமே குற்றம் என்பது பெறப்படும். இளைஞரைத் தண்டித்து மகிழ்ந்த மரபொன்று, அத்தண்டனையை விதித்தவரின் முகத்தைத் திரையிற் காட்டத் துணிந்திருக்கின்றது. அம்மரபினுள் நின்றே அதனை விசாரணை செய்தமையால் இப்படம் கருதத்தக்கதாகின்றது.