வீடு விற்றால் தரை விற்குமா?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் வட்டி இறங்கும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், முதலீட்டாளர்களில் ஒரு பகுதியினர் கார்பெட், தரைப்பலகை நிறுவனப் பங்குகளைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் போடும் கணக்கு எளிது. வட்டி இறங்கினால் பழைய வீடுகள் கைமாறும். வாங்கியவர் குடியேறும் முன்பே தரையை மாற்றுவார். எனவே விலை சரிந்து கிடக்கும் பங்கை இன்றே வாங்கிப் போட்டால் நாளை லாபம். இந்தக் கணக்கின் முதல் பாதியில் பிழை ஏதும் இல்லை. பலர் பணத்தை விட்டது இரண்டாம் பாதியில்தான்.

முதல் பாதிக்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் சுமார் 61 லட்சம் பழைய வீடுகள் விற்றன. 2023இலும் 2024இலும் அது ஏறத்தாழ 41 லட்சம்தான். 1995க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. மூன்று சதவீத வட்டியில் கடன் வாங்கியவர், வட்டி எட்டு சதவீதத்தை நெருங்கிய 2023இல் எதற்காக வீட்டை விற்றுப் புதுக் கடனில் மாட்டிக்கொள்ள வேண்டும்? விற்பனை சரிந்ததும் அதன் அடி நேராகத் தரையின் மேல் விழுந்தது. உலகின் மிகப் பெரிய தரை நிறுவனமான மோஹாக் இண்டஸ்ட்ரீஸின் விற்றுமுதல் 2021இல் சுமார் 1,120 கோடி டாலர், 2024இல் சுமார் 1,080 கோடி. குறைவு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் நிகர லாபம் 103 கோடியிலிருந்து 52 கோடியாக, அதாவது பாதியாக இறங்கியது.

இந்தத் தொழிலின் இயல்பு இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் தெரிகிறது. ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரைச் சுற்றியுள்ள ஆலைகளில், வரிசையாய் நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் நூலை அடித்துணியில் குத்திக் கார்பெட் ஆக்குகின்றன. அந்த எந்திரமும், நூல் இழுக்கும் ஆலையும், சாயத் தொட்டியும் முழு வேகத்தில் ஓடினாலும் அரை வேகத்தில் ஓடினாலும் செலவில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அதனால் விற்பனை கொஞ்சம் குறைந்தாலே லாபம் வெகுவாகக் கரையும். திரும்பி வரும்போது அதே வேகத்தில் ஏறவும் ஏறும். பங்கை அடிவிலையில் வாங்குகிறவர்கள் நம்புவது இதைத்தான். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. போட்டியாளர்களும் குறைவு. அமெரிக்கக் கார்பெட் தொழிலில் பெரும்பங்கு மோஹாக்கிடமும் ஷா என்ற நிறுவனத்திடமும் இருக்கிறது. மோஹாக் 2005இல் வாங்கிய பெல்ஜியத்து யூனிலினிடம், பசை இல்லாமல் ஒரு பலகையின் விளிம்பை அடுத்ததில் சொருகிப் பூட்டும் முறைக்கான காப்புரிமைகள் இருந்தன. போட்டி நிறுவனங்களே அதற்குப் பணம் கட்டி வந்தன.

சிக்கல் 2018இல் வெளிப்பட்டது. 2017இன் முடிவில் மோஹாக் பங்கின் விலை சுமார் 275 டாலர். ஓராண்டு கழித்து சுமார் 117 டாலர். அந்த ஓராண்டில் வீட்டுச் சந்தை இடிந்து விழுந்துவிடவில்லை. பழைய வீடுகளின் விற்பனை 55 லட்சத்திலிருந்து 53 லட்சமாக இறங்கியது, அவ்வளவுதான். வீட்டு விற்பனையை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கியவருக்கு இந்த வீழ்ச்சிக்குக் காரணமே புரிந்திருக்காது.

மூலப்பொருள் விலை ஏறியது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, மக்கள் வேறு தரைக்கு மாறியது. ஒரு காலத்தில் அமெரிக்க வீட்டுத் தரையில் பாதிக்கும் மேல் கார்பெட்டின் வசம் இருந்தது. அந்த இடத்தை வினைல் பலகை பிடிக்கத் தொடங்கியது. மரத்தின் ரேகையை அச்சடித்த மெல்லிய படலம், அதன்மேல் தேய்மானத்தைத் தாங்கும் ஒரு பூச்சு, ஓரத்தில் சொருகிப் பூட்டும் விளிம்பு. தண்ணீர் கொட்டினாலும் கெடாது. ஒரு சனிக்கிழமையில் வீட்டுக்காரரே போட்டு முடித்துவிடலாம். சீன ஆலைகளிலிருந்து கண்டெய்னர் கண்டெய்னராக வந்து இறங்கியது. மோஹாக்கும் 2015இல் பெல்ஜியத்து வினைல் நிறுவனமான ஐவிசியை வாங்கி இந்தச் சந்தைக்குள் வந்தது. ஆனால் விற்கும் ஒவ்வொரு வினைல் பலகையும் தன் சொந்த ஆலையின் கார்பெட் இருந்திருக்கக்கூடிய இடத்தில்தான் போய் உட்கார்ந்தது. வீடு விற்பது தொடர்ந்தது, தரை மாற்றுவதும் தொடர்ந்தது, ஆனால் புதிதாகப் போட்ட தரை வேறாகிவிட்டது. பங்கு வாங்குகிறவர்கள் வட்டி விகிதத்தை வாரந்தோறும் பார்க்கிறார்கள். இந்த மாற்றத்தைப் பார்ப்பவர்கள் வெகு சிலர்.

ஆம்ஸ்ட்ராங்கின் கதையைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. 2016 ஏப்ரலில் ஆம்ஸ்ட்ராங் வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் தன் தரைத் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்துப் பட்டியலிட்டது. கூரைத் தொழிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே நாட்டின் கட்டுமானச் சந்தை. கூரைப் பலகையில் போட்டியாளர் குறைவு. அது இடத்தை அடைக்கும், எளிதில் உடையும், கடல் தாண்டிக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அந்தக் கூரை நிறுவனப் பங்கின் விலை அடுத்த எட்டு ஆண்டுகளில் இரு மடங்கைத் தாண்டியது. தரை நிறுவனமோ இறக்குமதி வினைலோடு மோதித் தோற்றது. மரத்தரைப் பிரிவை 2018 இறுதியில் சுமார் 10 கோடி டாலருக்கு விற்றது; 2022 மே மாதத்தில் திவால் மனு கொடுத்தது. அதன் அமெரிக்கச் சொத்துகளை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களில் ஒன்று, 2018இல் விற்கப்பட்ட அதே மரத்தரைப் பிரிவு. அப்போது அதற்கு ஏஎச்எஃப் என்று வேறு பெயர். பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கட்டுமானம் வளர்ந்தால் தரைப்பங்கும் வளரும் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வாரன் பஃபெட்டே ஷாவை வாங்கினாரே என்பார்கள். உண்மைதான், 2001 ஜனவரியில் அவருடைய பெர்க்‌ஷயர் நிறுவனம் ஷாவின் 87 சதவீதத்தை வாங்கி, அடுத்த ஆண்டு மீதியையும் எடுத்துக்கொண்டது. ஆனால் அவர் வாங்கியது முழு நிறுவனத்தை. ஷா ஈட்டும் பணத்தை எடுத்து அவரால் ரயில் தொழிலில் போட முடிந்தது, காப்பீட்டில் போட முடிந்தது. சந்தையில் நூறு பங்கு வாங்கியவருக்கு அந்த உரிமை கிடையாது. மோஹாக் டிவிடெண்ட் தருவதில்லை. ஈட்டிய பணத்தில் கணிசமான பகுதி மேலும் நிறுவனங்களை வாங்கப் போயிற்று. அப்படிக் கொடுத்த கூடுதல் விலையில் 2022இல் சுமார் 70 கோடி டாலரையும், 2023இல் சுமார் 88 கோடி டாலரையும் நஷ்டமாக எழுத வேண்டி வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் கணக்கு முடிந்தது நிகர நஷ்டத்தில்தான்.

வழக்குகளின் சுமையையும் விலைக்குள் சேர்த்துப் பார்க்க வேண்டும். கறை படியாமலிருக்கக் கார்பெட்டில் பூசிய ரசாயனங்கள் டால்டன் பகுதி ஆற்று நீரில் கலந்ததாகச் சொல்லி, ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கும், அதே ஜார்ஜியாவின் ரோம் நகரம் கார்பெட் ஆலைகள்மேல் வழக்குத் தொடுத்தது. கடந்த காலத்தில் பூசியதற்கு இன்றைய பங்குதாரர் பதில் சொல்கிறார். எந்த வட்டிக் குறைப்பும் இதை ஈடுகட்டாது.

இந்தப் பங்குகளை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆலை முழு வேகத்துக்குத் திரும்பும்போது கிடைக்கும் லாபம் உண்மையானது. ஆனால் வாங்குமுன் ஆண்டறிக்கையில் பிரிவுவாரி விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. மோஹாக்கின் மூன்று பிரிவுகளில் மிகப் பெரியது பீங்கான் டைல்ஸ். 2002இல் வாங்கிய டால்-டைல், 2013இல் வாங்கிய இத்தாலியின் மராட்சி, பிறகு பிரேசில், மெக்சிகோ ஆலைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். அமெரிக்கக் கார்பெட் பங்கு என்று நினைத்து வாங்குகிறவர் உண்மையில் இத்தாலியச் சூளையின் எரிவாயு விலையையும், மெக்சிகோவில் எழும்பும் வீடுகளையும் சேர்த்தே வாங்குகிறார்.