எட்டயபுரத்து மூன்று புள்ளி

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் நாகசுரக்காரர் தோடி ராகம் எடுத்தால், அதன் காந்தார ஸ்வரத்தைக் கவனியுங்கள். ஆர்மோனியத்தில் அதற்கு ஒரே கட்டை. நாகசுரத்தின் சீவாளி வழியே வரும்போதோ அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தையும் மத்திமத்தையும் தொட்டுத் தொட்டு அசைகிறது. வெறும் 'க' என்று எழுதினால் இதில் என்ன மிஞ்சும்?

இருக்கன்குடிக்கு நேர் தெற்கே இருக்கிற எட்டயபுரத்தில் 1904-லேயே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இசை அறிஞர் சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் சமஸ்தானத்தின் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அங்கே வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கில் வெளிவந்தது. ஈய எழுத்துக் கோத்த காலம். அதிலும் ஸ்வரத்துக்கு ஸ்வரம், இந்த அசைவைக் காட்டும் கமகக் குறி!

குறிகளின் அழகைப் பாருங்கள். ஸ்வரம் வழுக்கிச் செல்வது ஜாரு: ஏற்ற ஜாருவுக்கு மேலேறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழிறங்கும் சாய்கோடு. கம்பிதத்துக்கு அலைக்கோடு, வீணை மெட்டில் விரலை வைத்துத் தந்தியை அசைப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்புரிதம். ஆரோகணத்தில் ஜண்டையாக, அதாவது இரட்டையாக, வரும் ஸ்வரத்தில் இரண்டாவது, கீழ் ஸ்வரத்தை லேசாகத் தொட்டு அழுத்தமாக விழும். அதற்கு மூன்று புள்ளி: மேலே ஒன்று, கீழே இரண்டு. அவரோகண ஜண்டைக்கு உரிய பிரத்யாகதத்துக்கும் அதே மூன்று புள்ளிதான், தலைகீழாக. விளக்கம் படிக்காமலே விரலுக்குப் புரிகிற எழுத்து இது.

இன்றைய இசை மென்பொருள்களிலும் இப்படிச் சொந்தக் குறி சேர்க்க இடமுண்டு. முழு ஸ்வரத்தை ஒன்பது 'கோமா'வாகப் பகுக்கும் துருக்கி இசைக்கு லில்லிபாண்ட் மென்பொருளில் தனிக் கோப்பே இருக்கிறது. 2013-ல் வந்த ஸ்மூஃபல் (SMuFL) என்ற இசை எழுத்துருத் தரத்தில் துருக்கி, பாரசீகக் குறிகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அவை ஸ்வரம் நிற்கும் இடத்தைச் சொல்பவை. எட்டயபுரக் குறிகள் அது போகும் போக்கைச் சொல்பவை. தோடிக் காந்தாரத்துக்குக் கால் ஸ்வரம், அரைக்கால் ஸ்வரம் என்று அடையாளம் போட்டுப் பயனில்லை.

இந்தப் போக்கை எழுதவும் கருவி கைவசம் இருக்கிறது. அதே ஸ்மூஃபலில் சிறு அலைத்துண்டுகள் உண்டு; ஸ்வரத்தின் காலம் நீள நீள அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். கம்பிதத்துக்கு அது போதும். மூன்று புள்ளியை மட்டும் யாராவது கை தேர்ந்தவர் வரைய வேண்டும். புள்ளிகளுக்கு இடையிலான வெளியை எட்டயபுரத்துப் பழைய பக்கத்தைப் பார்த்தே அளந்து வைக்க வேண்டும்.