டெல்டா படங்களுக்கு ஒரு பட்டியல்

தஞ்சைச் சீமைப் படங்களுக்கு மட்டும் ஒரு வரிசை போட்டுப் பாருங்கள், முதலிடம் சுலபம். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள் என்று பெயரோடு ஊரும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாயனம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கன்னம் உப்புவதையும், கழுத்து நரம்பு புடைப்பதையும், சீவாளியிலிருந்து வாயை எடுத்ததும் முகத்தில் ஏறும் மிதப்பையும் பார்த்தால் அதை நம்ப மனசு வராது. பக்கத்தில் தவிலோடு டி.எஸ்.பாலையா. அவருக்கென்றே தனிப் பட்டியல் போடலாம்.

தகராறு இரண்டாம் இடத்தில்தான். தி.ஜானகிராமனின் நாவலை ஞான ராஜசேகரன் எடுத்த ‘மோகமுள்’ (1995) என்று எழுதக் கை போகும். அதற்குள் ஸ்ரீதர் ராஜனின் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983) குறுக்கே வந்து நிற்கும். இரண்டுமே அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருது வாங்கியவை. பின்னது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லிலிருந்து பிறந்தது. மோகனா திரையில் ஆடிய அதே 1968இல், டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த இரவிலிருந்து எழுந்த நாவல்தான் ‘குருதிப்புனல்’. சிக்கலும் வெண்மணியும் ஒரே நாகை வட்டாரம். ஆகவே இரண்டாவது ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’தான், ‘மோகமுள்’ மூன்று.

‘ராஜராஜ சோழன்’ (1973)? தமிழின் முதல் சினிமாஸ்கோப் என்ற மரியாதைக்குக் கடைசியில் ஓர் இடம். பெரிய கோயில் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.