மூலமும் உரையும்

திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், அறம் இன்னதென விளக்கப் புகுமிடத்து மனு முதலிய நூல்களைத் துணைக்கு அழைக்கிறார். வள்ளுவர் வாக்கிலோ மனுவின் பெயர் ஓரிடத்தும் இல்லை. உரையை விட்டுக் குறளைப் படித்தால் அரும்பொருள் பல நழுவும். உரையே குறளெனக் கொண்டால் வள்ளுவர் சொல்லாதது அவர்மேல் ஏறும். நம் அரசியல் சட்டத்தைப் பயில்வோருக்கும் இவ்விக்கட்டு உண்டு.

அதன் 25ஆம் விதி, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் முதலியவற்றுக்கு உட்பட்டுச் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அனைவர்க்கும் வழங்குகிறது. 'இன்றியமையாத சமயச் செயல்' என்னும் அளவுகோல் அவ்விதியில் இல்லை. 1954இல் சிரூர் மடத்து வழக்கின் தீர்ப்பிலேயே அது கால்கொண்டது. எது இன்றியமையாதது என்பதை அந்தந்தச் சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே முதற்கண் அறிய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. காவலாக வந்த அச்சொல் விரைவில் சல்லடையாயிற்று.

1958இல் முகம்மது ஹனீப் குரைஷி வழக்கில், பசுவதைத் தடைச் சட்டங்களை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், திருக்குர்ஆனின் சில வசனங்களையும் ஹாமில்டனின் ஆங்கில 'ஹிதாயா'வையும் நோக்கியது. ஹிதாயா ஓர் உரைநூல். ஹாமில்டன் பெயர்த்ததோ அதன் பாரசீக மொழிபெயர்ப்பை. ஒருவருக்கு ஓர் ஆடு, எழுவருக்கு ஒரு மாடோ ஒட்டகமோ என்னும் சட்டத்தைக் கண்ட நீதிபதிகள், தெரிவு உள்ள இடத்தில் கடமை இருப்பது பொருந்தாது என்று கருதினர்.

உசூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் இங்கே சற்று நிற்பர். 'வாஜிப் முகய்யர்', அதாவது தெரிவுடன் கூடிய கடமை, நம் சட்டக்கலை நன்கறிந்தது. சத்தியத்தை முறித்தவர் பத்து ஏழைகளுக்கு உணவளிக்கலாம், உடையளிக்கலாம், அல்லது ஓர் அடிமையை விடுவிக்கலாம். ஆனால் ஒன்றைச் செய்தே தீரவேண்டும். பசுவைத்தான் அறுக்க வேண்டும் என்பதில்லை என்ற முடிவு நிற்கலாம்; அதற்குக் காட்டிய நியாயம் நிற்காது. எனினும் பழி முழுதும் மன்றத்தினுடையதன்று. அவ்வசனங்களை விளக்கி எந்த மௌலானாவும் பிரமாணப் பத்திரம் தரவில்லை என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது!

அவ்வாறாயின் மூலம் ஒன்றே போதுமோ? போதாது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி உயிரையும் உரிமையையும் பறிக்கலாகாது என்கிறது 21ஆம் விதி. 1950இல் ஏ. கே. கோபாலன் வழக்கில், சட்டமன்றம் வகுத்தது எதுவாயினும் அது நடைமுறையே என்று எழுத்தளவில் பொருள் கொண்டனர். 1978இல் மேனகா காந்தி வழக்கில், அந்நடைமுறை நீதியும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்றனர். இடையே அவ்விதியில் ஓரெழுத்தும் மாறவில்லை, உரைதான் வளர்ந்தது.

ஆலிமின் துணையின்றி நம் நூலை வழக்காடுவோர் கையாண்டது குறையெனின், சட்டமறிந்தார் துணையின்றி நாம் அரசியல் சட்டத்தைப் பேசுவதும் குறையே. மதுரையிலே 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது, மத்ரஸாக்களும் இருக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நடப்பவர் வேண்டும். இல்லந்தோறும் அரசியல் சட்டத்தின் தமிழாக்கம் ஒன்று இருக்கட்டும். முதலில் விதியைப் படியுங்கள்; பின்னர் தீர்ப்பைக் கேளுங்கள்; எது மூலம், எது உரை என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுங்கள். வல்ல அல்லாஹ் நமக்குத் தெளிவை அருள்வானாக!