சித்திரையில் ஒரு டம்ளர்

சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கும் வீட்டில், முதல் நாள் இரவே ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசினை ஊறப்போட்டுவிட வேண்டும். கல்கண்டு போலக் கிடக்கும் இரண்டு மூன்று கட்டிகள்தான். விடிந்து பார்த்தால் கிண்ணம் நிறையப் பளபளவென்று உப்பிக் கிடக்கும். குழந்தைகள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஜிகர்தண்டாவின் உயிர் பாலில் இருக்கிறது. ஒரு லிட்டரைச் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டி உள்ளேயே தள்ளித் தள்ளி, அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். வெள்ளை மாறி இளம்பழுப்பு ஏறும்போது அடுப்படி முழுக்க ஒரு வாசம் வரும். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிக் குறுக்குவழி போகிறவர்கள் இழப்பது அதைத்தான். சர்க்கரை போட்டு, ஆறவைத்து, நன்றாகக் குளிரவிடுங்கள்.

டம்ளரில் முதலில் பிசின், மேலே நன்னாரி சர்பத், பிறகு பால், உச்சியில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். மிக்ஸியில் மட்டும் அடித்துவிடாதீர்கள், பிசின் கூழாகிவிடும்.